ஒட்டுண்ணி ஒருவரிடமும் இல்லை, எதிர்ப்பொருள் ஐந்தில் ஒருவரிடம்: மலேரியாக் கணக்கெடுப்பில் எதை நம்புவது?

பொதுச்சுகாதார மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பொதுச்சுகாதார முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மலேரியா ஒரு மக்கள் தொகையில் எவ்வளவு பரவுகிறது என்பதை அளக்கும் முறைகளைப் பற்றி அடுத்த மாதம் வகுப்பில் உரையாற்ற வேண்டும். அதற்காகப் படித்தபோது, சோமாலியாவில் 2008ஆம் ஆண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில் சிக்கிக்கொண்டேன்.

அங்கு மூன்று ஊர்களில் வறண்ட பருவத்தில் 1,178 பேரின் இரத்தப் பூச்சுகளையும், மழைப்பருவத்தில் 1,128 பேரின் இரத்தப் பூச்சுகளையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பருவங்களிலும் ஒருவரிடம்கூட மலேரியா ஒட்டுண்ணி தென்படவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் எடுத்த இரத்தத்தில், தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடியபோது, வறண்ட பருவத்தில் 1,001 பேரில் 179 பேரிடமும், மழைப்பருவத்தில் 1,044 பேரில் 202 பேரிடமும் பால்சிபாரம் அல்லது வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகைகளுக்கு எதிரானவை இருந்திருக்கின்றன. அதாவது முறையே 17.9 விழுக்காடு, 19.3 விழுக்காடு.

எனக்குள்ள ஐயங்கள் இவை. ஒரு சோதனை மலேரியா இல்லை என்கிறது, இன்னொன்று ஐந்தில் ஒருவரை அது தொட்டிருக்கிறது என்கிறது, எதை நம்புவது? எதிர்ப்பொருள்கள் உடலில் பல ஆண்டுகள் தங்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அப்படியானால் முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்துபோன காய்ச்சலையும் போன மாதம் வந்த காய்ச்சலையும் இந்தச் சோதனை எப்படிப் பிரித்தறியும்? பிரித்தறிய முடியாதென்றால் பரவலைக் கண்காணிக்க அது எப்படி உதவும்? எதிர்ப்பொருள் இருப்பதாகத் தெரிந்த அந்த 202 பேருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வுக்கூடப் பணியாளர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறு நேர்ந்தால் மனிதர்களுக்குத் தீங்கு நேரும். எதிர்ப்பொருள் இருப்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மலேரியா இருக்கிறது என்று சொல்லக் கூடாது, அதைக் கொண்டு சிகிச்சையும் தொடங்கக் கூடாது. ஒருவருக்கு இன்று காய்ச்சல் அடிக்கிறதென்றால் அவருக்குத் தேவை இரத்தப் பூச்சும் துரித சோதனை அட்டையும்தான். எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு ஊரைப் பற்றிப் பேசும். தனி ஒருவரைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

இனி, எதை நம்புவது என்ற கேள்வி. இரண்டையும் நம்பலாம். நுண்ணோக்கி பார்ப்பது இந்த நொடியை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. கள நிலைமையில், நன்கு பயின்றவர் தடித்த இரத்தப் பூச்சைப் பார்த்தாலும், அவற்றுக்கிடையே 50 முதல் 100 ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் உறுதியாகக் கண்டுபிடிப்பார். அதற்குக் கீழே போய்விட்ட தொற்றும், போன மாதம் வந்து குணமான தொற்றும் அவர் கண்ணில் படாது. எதிர்ப்பொருளோ கடந்து போனதன் தடம். ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் நிற்கும் கறையைப் போல அது நின்றுவிடுகிறது. அந்தக் கறையைக் கொண்டு வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று சொல்லிவிடலாம். எந்தத் தேதியில் வந்தது என்று சொல்லத்தான் கூடுதல் வேலை தேவைப்படுகிறது. அந்த வேலையைப் புள்ளியியல் அறிந்தவர்கள் விளக்குவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

நீங்கள் படித்த வாக்கியத்தில் ஒரு சிறு திருத்தம். எதிர்ப்பொருள்கள் பல ஆண்டுகள் தங்கும் என்கிறோம், ஆனால் இரத்தத்தில் மிதக்கும் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ மூன்று வாரங்கள்தான். நீடித்து வாழ்பவை அந்த மூலக்கூறுகளைத் தொடர்ந்து உற்பத்தி செய்யும் அணுக்கள். எலும்பு மச்சையில் குடியேறிய அந்த அணுக்கள் எத்தனை, எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது, ஒருவருக்கு எத்தனை முறை தொற்று வந்தது, எந்த வயதில் வந்தது, ஒட்டுண்ணியின் எந்தப் புரதத்துக்கு எதிராக அவை உருவாயின என்பவற்றைப் பொறுத்தது. எனவே எதிர்ப்பொருள் எவ்வளவு காலம் இருக்கும் என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த ஆன்டிஜெனுக்கு, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் எந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

மிகுதியாகப் பயன்படுவது எம்எஸ்பி-1 என்ற புரதத்தின் கடைசித் துண்டு. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையும்போது தன் மேலுறையில் உள்ள இந்தப் புரதத்தின் பெரும்பகுதியை வெளியே உதிர்த்துவிட்டு, 19 கிலோடால்டன் எடையுள்ள ஒரு சிறு துண்டை மட்டும் உள்ளே கொண்டுபோகிறது. அந்தத் துண்டு ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி அதிகம் மாறுவதில்லை, உடலும் அதை நன்கு அடையாளம் காண்கிறது. ஏஎம்ஏ-1 என்ற இன்னோர் ஒட்டுண்ணிப் புரதம் அதைவிட எளிதாக எதிர்ப்பொருளைத் தூண்டும். ஆகவே பரவல் மிகக் குறைந்த இடங்களில் அது பயன்படும், பரவல் மிகுந்த இடங்களில் சிறு வயதிலேயே எல்லோரிடமும் வந்துவிடுவதால் வேறுபாடு காட்டாது.

செய்முறை எளிமையானது, அதனால்தான் எனக்கு இம்முறையில் பற்று. விரல் நுனியில் குத்தி எடுத்த இரண்டு மூன்று துளி இரத்தத்தை வடிதாளில் விட்டு, நிழலில் முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பையில் மூடி வைத்தால் போதும். பிறகு ஆய்வுக்கூடத்தில் 3 மில்லிமீட்டர் வட்டமாகத் துளைத்தெடுத்து, உப்புக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, எலைசா தட்டில் சோதிக்கிறோம். தட்டின் அடியில் ஒட்டுண்ணியின் புரதம் பூசப்பட்டிருக்கும். இரத்தத்தில் அதற்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் அதில் பற்றிக்கொள்ளும். பிறகு நிறம் தரும் நொதியைச் சேர்த்து, நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் படிக்கிறோம்.

எளிமையானது என்றேன், ஆனால் ஈரப்பதம் இந்த முறைக்குப் பெரும் பகை. நான் பணியில் சேர்ந்த புதிதில் மழைக்காலத்தில் எடுத்த ஒரு பெட்டி வடிதாள்கள் சரியாக உலராமலேயே மூடப்பட்டு எங்களிடம் வந்தன. பூசணம் பிடித்த தாள்களைத் தள்ளிவிட்டு மீதியைச் சோதித்தோம். அந்த ஊரில் எதிர்ப்பொருள் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. ஊரின் உண்மை நிலை அதுவா, தாளில் எதிர்ப்பொருள் சிதைந்ததால் வந்த எண்ணா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் எந்த வழியும் இருக்கவில்லை. அத்தனை பேரிடம் குத்தி எடுத்த இரத்தத்தை வீணாக்கிவிட்டோம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. உலர்த்துவதற்கென்று ஒரு முழு இரவை ஒதுக்காத களத்திட்டத்தில் நான் இப்போது கையொப்பமிடுவதில்லை.

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

முன்னவர் சொன்ன வெள்ளக் கறை உவமையைத் தொடர்கிறேன், ஆனால் அதற்குமுன் உங்கள் முதல் எண்ணையே பாருங்கள். 1,128 பேரில் பூச்சியம். இதைக் கண்டவுடன் பரவலும் பூச்சியம் என்று மனம் சொல்லும். ஒன்றும் காணாதபோது, உண்மை விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கலாம் என்று கணக்கிட எளிய வழி உண்டு: 3ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 விழுக்காட்டு நம்பிக்கையின் மேல் எல்லை கிடைக்கும். இங்கு அது 0.27 விழுக்காடு. அதாவது நுண்ணோக்கிக்குத் தெரியக்கூடிய தொற்று ஆயிரத்தில் இரண்டு பேருக்கு இருந்திருந்தாலும் இந்த முடிவோடு அது முரண்படாது. ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் ஊரில் ஆயிரம் பேரைச் சோதித்தால், ஒருவரையும் காணாமல் திரும்புவதற்கு 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பரவல் குறையக் குறைய ஒட்டுண்ணியைத் தேடும் கணக்கெடுப்புகள் கை விரித்துவிடும் காரணம் இதுதான். கொசுக்களைப் பிடித்து அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியைத் தேடும் முறை இன்னும் விரைவாகக் கை விரித்துவிடும்.

இப்போது காலத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கான விடை மனிதர்களின் வயதில் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது முப்பது ஆண்டுக்கு முந்தைய காய்ச்சலால் வந்திருக்க முடியாது. அந்தத் தடம் ஐந்து ஆண்டுக்குள் பதிந்தது. பத்து வயதுச் சிறுவனின் இரத்தம் பத்து ஆண்டுகளுக்கும், ஐம்பது வயதுப் பெண்ணின் இரத்தம் அரை நூற்றாண்டுக்கும் சாட்சி. ஆகவே எல்லா வயதினரிடமும் ஒரே நாளில் இரத்தம் எடுத்து, வயதைக் கிடைக்கோட்டிலும் எதிர்ப்பொருள் உள்ளோர் விகிதத்தைச் செங்குத்துக்கோட்டிலும் வரைந்தால், அந்த ஊரின் கடந்த காலம் ஒரே கணக்கெடுப்பில் கண்முன் வந்துவிடுகிறது.

இந்த வளைவை எண்ணாக மாற்ற இரண்டு வீதங்கள் போதும். எதிர்ப்பொருள் இல்லாதவர்கள் ஆண்டுக்கு என்ன வீதத்தில் அதைப் பெறுகிறார்கள் என்பது ஒன்று. பெற்றவர்கள் என்ன வீதத்தில் இழக்கிறார்கள் என்பது மற்றொன்று. பெறும் வீதம் ஆண்டுக்கு 0.1 என்றும், இழக்கும் வீதம் 50 ஆண்டு அரை ஆயுளுக்கு ஏற்ப 0.014 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 வயதினரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடமும் 20 வயதினரில் 79 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள் இருக்கும். பெறும் வீதம் அதில் பத்தில் ஒரு பங்காக, 0.01 ஆக இருந்தால், 10 வயதில் 9 விழுக்காடு, 20 வயதில் 16 விழுக்காடு, 40 வயதில்கூட 26 விழுக்காடுதான். முதல் ஊரின் வளைவு இளமையிலேயே எழுந்து மேலே தட்டையாகிறது, இரண்டாம் ஊரின் வளைவு மெல்லச் சாய்ந்தபடி ஏறிக்கொண்டே போகிறது.

50 ஆண்டு என்ற எண்ணை நான் கற்பனையாக எடுக்கவில்லை. 2005இல் வெளியான ஆய்வொன்றில், வடகிழக்குத் தான்சானியாவின் மலைச்சரிவுகளில் வெவ்வேறு உயரங்களில் உள்ள ஊர்களில் எம்எஸ்பி-1 துண்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை வயதுவாரியாக ஆராய்ந்தபோது ஏறத்தாழ அந்த அரை ஆயுளே கிடைத்தது. இம்முறைக்கு அடித்தளமிட்ட ஆய்வு அது என்று நான் கருதுகிறேன், காரணம் அந்த இடத்தேர்வு. கிளிமஞ்சாரோ, பாரே, உசம்பாரா மலைகளில் 600 மீட்டருக்குக் கீழேயுள்ள ஊர்களில் மலேரியா மிகுதி, 1,200 மீட்டருக்கு மேலே குளிரில் கொசுவுக்குள் ஒட்டுண்ணி முதிர நெடுநாள் ஆவதால் மலேரியா குறைவு. பரவல் எங்கு எப்படி மாறும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு நிலப்பரப்பில் புதிய அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் பெறும் வீதம் உயரம் கூடக் கூடச் சீராகக் குறைந்தது. அளவுகோலைச் சரிபார்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

பரவல் திடீரென்று குறைந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கத் தொடங்கி, அதனால் பரவல் நின்றுபோயிருந்தால், பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கோடு தரையோடு கிடக்கும், அதற்கு மேலே படிக்கட்டுபோல ஒரு துள்ளல் தெரியும். படியின் இடம் எந்த ஆண்டில் மாற்றம் நிகழ்ந்தது என்பதைக் காட்டும், படியின் உயரம் அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும்.

மாணவி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வயதே கடிகாரமாக வேலை செய்கிறது என்பது எனக்குப் புதிய வெளிச்சம். ஆனால் அங்கேயே ஓர் ஐயம் எழுகிறது. சிறுவர்களிடம் குறைவாகவும் பெரியவர்களிடம் அதிகமாகவும் இருப்பதற்கு, பரவல் குறைந்தது காரணமாக இல்லாமல், பெரியவர்கள் வேலைக்காகக் கொசு மிகுந்த இடங்களுக்குப் போய்வருவதே காரணமாக இருக்கலாம் அல்லவா? அந்தத் துள்ளலைப் பார்த்து, தெளித்த மருந்து வேலை செய்தது என்று ஒருவர் தவறாக மகிழ்ந்துவிடக்கூடும். மேலும் சோமாலிய ஆய்வின் 19.3 விழுக்காட்டில் எவ்வளவு பொய்யான நேர்மறை, அதாவது மலேரியா வராதவருக்கும் எதிர்ப்பொருள் இருப்பதாகச் சோதனை தவறாகக் காட்டியது, என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

நீங்கள் கேட்டது இந்த முறையின் மிக வலுவான மறுப்பு. ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு அந்த இரண்டு விளக்கங்களையும் முழுமையாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஊரில் மீண்டும் இரத்தம் எடுத்தால் பிரிந்துவிடும். காரணம் வரலாறு என்றால், 10 வயதில் இருந்த படி 15 வயதுக்கு நகர்ந்திருக்கும், ஏனென்றால் அதே மனிதர்கள் தங்கள் தடத்தோடு மூத்திருக்கிறார்கள். காரணம் வேலைப் பழக்கம் என்றால், படி எப்போதும் அதே வயதில் நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வளைவு வரைவதும் உதவும். காட்டுக்கோ சுரங்கத்துக்கோ ஆண்கள் மட்டும் போகும் ஊரில் படி ஆண்களின் வளைவில் மட்டும் தெரியும். மாதிரி சிறியதாக இருக்கும்போது கணினி எங்காவது ஒரு படியைக் கண்டுபிடித்துத் தந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். படி இல்லாத எளிய வளைவைவிடப் படியுள்ள வளைவு தரவோடு உண்மையிலேயே நன்றாகப் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே அதை நம்புங்கள்.

பொய்யான நேர்மறை குறித்து. எந்த அடர்த்திக்கு மேல் நேர்மறை என்று சொல்வது என்பதை, மலேரியாவே காணாத நாடுகளைச் சேர்ந்தவர்களின் இரத்தத்தை வைத்தோ, அதே ஊரின் தரவில் கலந்திருக்கும் இரண்டு கூட்டங்களைக் கணித முறையில் பிரித்தோ முடிவு செய்கிறார்கள். எப்படிச் செய்தாலும் சிறு பிழை மிஞ்சும். நான்கு ஆன்டிஜென்களில் ஒவ்வொன்றிலும் 2 விழுக்காடு பொய்யான நேர்மறை வருகிறது என்றும், ஏதேனும் ஒன்றில் நேர்மறையானாலே கணக்கில் சேர்க்கிறோம் என்றும் வைத்துக்கொண்டால், மலேரியாவே இல்லாத ஊரிலும் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் நேர்மறையாகிவிடுவார்கள். ஆகவே 19.3 என்ற மொத்த எண் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை.

என்னை அசைத்தது அந்த ஆய்வின் அடுத்த வரி. மூன்று ஊர்களுக்குமிடையே பால்சிபாரம் எதிர்ப்பொருள் உள்ளோர் விகிதம் தெளிவாக வேறுபட்டது. நேர்மறையானவர்கள் சில வீடுகளைச் சுற்றித் திரண்டிருந்தார்கள். பருவகாலத்தில் மட்டும் நீரோடும் ஆற்றுக்கு வீடு எவ்வளவு அருகில் இருந்ததோ, அவ்வளவு அதிகமாக எதிர்ப்பொருள் இருந்தது. பால்சிபாரத்துக்கும் வைவாக்ஸுக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தியது. ஆய்வுக்கூடப் பிழைக்கு ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. பிழை மட்டுமே இருந்திருந்தால் அது ஊர் முழுவதும் சமமாகச் சிதறியிருக்கும்.

களப்பணியாளர் எழுதியது:

ஆற்றைப் பற்றிச் சொன்னதால் நானும் இணைகிறேன். கொசு ஒழிப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு எனக்கு ஏன் முக்கியம் என்றால், என்னிடம் இருக்கும் மருந்தும் ஆட்களும் ஊர் முழுவதற்கும் போதாது. ஊரின் எந்த மூலையில் தொடங்குவது என்பதே என் அன்றாடக் கேள்வி. ஒட்டுண்ணி ஒருவரிடமும் இல்லை என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த மூலையையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆற்றங்கரை வீடுகளில் எதிர்ப்பொருள் திரண்டிருக்கிறது என்றால், அடுத்த மழைக்குமுன் எந்தக் குட்டைகளைப் பார்க்க வேண்டும், எந்த வீடுகளுக்கு வலை கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது.

ஆனால் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்: அண்மையில் வெளியூரில் இரவு தங்கினீர்களா, எங்கே, எத்தனை நாள்? எதிர்ப்பொருள் மனிதனோடு பயணம் செய்கிறது. கால்நடை மேய்ப்பவர்களும் வணிகர்களும் வேறிடத்தில் கடிபட்டு வந்து தங்கள் சொந்த ஊரின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அதனால்தான் சிறு குழந்தைகளின் முடிவை நான் முதலில் பார்ப்பேன். ஊரைவிட்டுப் போகாத நான்கு வயதுக் குழந்தையிடம் எதிர்ப்பொருள் இருந்தால், கொசு அந்த ஊரிலேயே இருக்கிறது.

இந்த முறையால் என்ன சொல்ல முடியாது என்பதற்கு மொரிசியஸ் தீவை எடுத்துக்காட்டாக உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கு மலேரியா ஒழிந்துவிட்டதா என்பதை உறுதிசெய்ய எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு நடத்தி 1973இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒழிந்ததற்கான சான்று அதில் கிடைத்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தீவை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வைஸ் புயல் தீவைத் தாக்கியது. அதற்குப் பின் மலேரியா மீண்டும் பரவத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலான கடும் உழைப்புக்குப் பிறகே முற்றிலும் அடங்கியது. கணக்கெடுப்பில் பிழை எதுவும் இல்லை. கடந்த காலத்தைப் பற்றி அது சொன்னது உண்மைதான். கொசு இன்னும் இருக்கிறது, வெளியிலிருந்து ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்து இறங்கக்கூடும், கூரை இழந்த மக்கள் திறந்த வெளியில் உறங்க நேரலாம் என்பவற்றை இரத்தத் துளியால் சொல்ல முடியாது. சொல்லப்போனால், எதிர்ப்பொருள் இல்லாத இளைய தலைமுறை பெருகியிருக்கிறது என்ற அதே நற்செய்தி, நோய் திரும்பினால் தாங்கும் வலு குறைந்தவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்றும் பொருள்படும்.

ஆய்வுக்கூடப் பணியாளர் மீண்டும் எழுதியது:

உங்கள் முதல் பதிவில் போன மாதத் தொற்றைப் பிரித்தறிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயதுக் கணக்கு ஆண்டுகளில்தான் பேசும். மாதக் கணக்கில் பேச வேறு ஆன்டிஜென்கள் வேண்டும். தொற்றுக்குப் பிறகு விரைவில் ஏறி விரைவில் இறங்கும் எதிர்ப்பொருளைத் தூண்டும் புரதங்களைத் தேடி, நூற்றுக்கணக்கான ஒட்டுண்ணிப் புரதங்களைச் சில்லுகளில் பதித்துச் சோதித்தார்கள். உகாண்டாக் குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முன்னோடி. அதிலிருந்து வந்த இட்ராம்ப்-5 என்ற புரதம் இப்போது, அண்மைய தொற்றின் அடையாளமாகப் பல கணக்கெடுப்புகளில் எம்எஸ்பி-1, ஏஎம்ஏ-1 ஆகியவற்றோடு சேர்த்துச் சோதிக்கப்படுகிறது. நீண்ட நினைவுள்ளதும் குறுகிய நினைவுள்ளதும் ஒரே இரத்தத் துளியில் கிடைத்துவிடுவதால், பழைய பரவலையும் புதிய பரவலையும் தனித்தனியே பார்க்க முடிகிறது. நுண்மணிகளைப் பயன்படுத்தும் கருவிகளில் சோதனைத் தட்டின் ஒரே குழியில் பல பத்து ஆன்டிஜென்களைச் சோதிக்கலாம் என்பதால், மலேரியாவுக்காக எடுத்த அதே துளியில் தட்டம்மை, யானைக்கால் நோய் ஆகியவற்றின் எதிர்ப்பொருள்களையும் பார்த்துவிடுகிறார்கள்.

வைவாக்ஸில் இது இன்னும் ஆழமான பயனைத் தருகிறது. அந்த ஒட்டுண்ணி இரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழும். உறங்கும் அந்த நிலையைக் கண்டறிய இன்றுவரை நேரடிச் சோதனை எதுவும் இல்லை. ஆனால் கடந்த சில மாதங்களில் இரத்தத் தொற்று வந்தவர்களிடமே உறங்கும் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். இந்த எண்ணத்தோடு தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் ஆகிய மூன்று இடங்களின் மக்களிடம் ஆராய்ந்து, எட்டு ஆன்டிஜென்களைக் கொண்ட ஒரு தொகுப்பை 2020இல் வெளியிட்டார்கள். கடந்த ஒன்பது மாதங்களுக்குள் வைவாக்ஸ் தொற்று வந்தவர்களை அது 80 விழுக்காடு உணர்திறனோடும் (தொற்று வந்தவர்களைச் சரியாகக் கண்டறிதல்) 80 விழுக்காடு குறிப்புத்திறனோடும் (வராதவர்களைச் சரியாக விலக்குதல்) அடையாளம் காட்டியது. எதிர்ப்பொருளை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது என்று நான் முதலில் அழுத்திச் சொன்னதற்கு, எதிர்காலத்தில் ஒரு விலக்கு வருமானால் அது இங்கேதான் வரும். கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கும் பிரிமாக்குவின் மருந்தை ஊர் முழுவதற்கும் கொடுப்பதைவிட இந்தச் சோதனையில் நேர்மறையானவர்களுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்து சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால், தேவையற்ற ஒவ்வொரு மாத்திரையும் ஓர் ஆபத்து. அப்போதும் மருந்துக்குமுன் அந்த நொதியைச் சோதித்தே ஆக வேண்டும்.

இன்னொரு செய்தியும் உங்கள் உரையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பாடநூல்களில் அது இருக்காது. 2021 அக்டோபரில் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும், 2023 அக்டோபரில் ஆர்21 தடுப்பூசியையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் ஒட்டுண்ணியின் சிஎஸ்பி என்ற புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருளைத் தூண்டுபவை. ஆகவே தடுப்பூசி போடும் ஆப்பிரிக்க நாடுகளில் சிறு குழந்தைகளிடம் சிஎஸ்பி எதிர்ப்பொருளைக் கண்டால், கொசு கடித்ததால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று தெரியாது. எந்தக் குழந்தைகளின் வயதை நம் கடிகாரத்தின் நொடிமுள்ளாக நம்பியிருந்தோமோ, அவர்களிடமே இந்தக் குழப்பம் நேர்கிறது. எம்எஸ்பி-1, ஏஎம்ஏ-1 ஆகியவை ஒட்டுண்ணி இரத்தத்தில் பெருகும் நிலைக்குரிய புரதங்கள், இந்தத் தடுப்பூசிகளில் அவை இல்லை. அதனால் அவற்றின் பயன் இன்னும் கூடியிருக்கிறது.

மாணவி எழுதியது:

என் உரையின் வரைவை முழுவதும் மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். சோமாலிய ஆய்வின் 19.3 என்ற எண்ணைத் தலைப்பில் வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு ஆற்றங்கரை வீடுகளிலிருந்து தொடங்கப்போகிறேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி. வயது வளைவு வரையும்போது கைக்குழந்தைகளையும் சேர்க்கலாமா? ஒரு வயதுக்குள் இருப்பவர்களிடம் எதிர்ப்பொருள் கண்டால் அதைவிட அண்மைய சான்று இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

சேர்க்காதீர்கள். கருவில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்துவிடுகின்றன. பிறந்த பின் சில மாதங்களில்தான் அவை கரையும். மூன்று மாதக் குழந்தையின் இரத்தத்தில் நீங்கள் படிப்பது பெரும்பாலும் தாயின் வாழ்க்கையை. அதனால் வளைவை ஒரு வயதிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஒன்று முதல் பத்து வயது வரை உள்ளவர்களை மற்ற வயதினரைவிடக் கூடுதலாக மாதிரியில் எடுத்துக்கொள்ளுங்கள். பரவல் குறைந்த ஊரில் அண்மைய மாற்றத்தைச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான். வயதைக் கேட்கும்போது முழு ஆண்டாகக் கேட்காமல், பிறந்த மாதத்தையும் தடுப்பூசி அட்டையிலிருந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்கள் தங்கள் வயதை 30, 40, 50 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவதுண்டு, அது வளைவின் மேல்பகுதியைச் சற்றே மங்கலாக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் வயதில் ஓராண்டு பிழைத்தாலும் நீங்கள் தேடும் படி கலங்கிவிடும்.